இரண்டாம் இடத்தில் நின்றவர்: 1851 ஆம் ஆண்டுப் பொருட்காட்சிப் புலமைப்பரிசிலும் ஏணெஸ்ற் றதர்போட்டும்

அறிவியலின் வரலாறு பொதுவாகக் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எதனை யார் கண்டறிந்தார், எந்த ஆண்டில், எந்த ஆய்வுகூடத்தில் என்பன விரிவாகக் கூறப்படுகின்றன. ஆனால் அவ்வறிஞர் அந்த ஆய்வுகூடத்தின் வாயிலை எவ்வாறு அடைந்தார், அவருடைய உணவுக்கும் உறையுளுக்கும் யார் பொருளுதவினர், அவருக்குக் கிடைத்த இடம் வேறு எவருக்குக் கிடைக்காமற் போயிற்று என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. ஆய்வு என்பது அறிவினால் மட்டும் நடைபெறுவதன்று. அதற்குக் காலமும் பணமும் இடமும் வேண்டும். இவை மூன்றையும் வசதியற்ற மாணவனுக்கு வழங்கும் ஏற்பாடாகவே ஆய்வுப் புலமைப்பரிசில் தோன்றியது. அது தோன்றிய நாளிலிருந்தே அதற்காகக் காத்திருப்போரின் பட்டியலும் தோன்றிவிட்டது.

இப்பட்டியலின் வரலாற்றில் 1894 ஆம், 1895 ஆம் ஆண்டுகளில் நியூசிலாந்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி சிறப்பிடம் பெறுகின்றது. அணுவின் கருவைக் கண்டறிந்தவர் எனப் பின்னர் உலகப் புகழ் பெற்ற ஏணெஸ்ற் றதர்போட், தமது நாட்டுக்குக் கிடைத்த ஒரேயோர் ஆய்வுப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்து இரண்டாம் இடத்தில் நின்றவர். முதலாம் இடத்தவர் அதனை ஏற்காது விட்டமையாலேயே அது றதர்போட்டைச் சேர்ந்தது. இந்நிகழ்ச்சி நற்பேற்றின் கதையாகவே பலராலும் கூறப்படுவதுண்டு. அதனை ஒரு நிறுவன ஏற்பாட்டின் விளைவாக நோக்கி, காத்திருப்போர் பட்டியல் எதனை அளந்தது என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

பொருட்காட்சியின் மிகுதிப் பணம்

1851 ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஒக்ரோபர் மாதம் வரை இலண்டன் ஹைட் பூங்காவில் பெரும் பொருட்காட்சியொன்று நடைபெற்றது. விக்ரோறியா மகாராணியின் கணவரான அல்பேட் இளவரசரின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு இதனை நடத்தியது. கண்ணாடியாலும் இரும்பாலும் எழுப்பப்பட்ட பளிங்கு மாளிகைக்குள் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட முறை மக்கள் நுழைந்தனர். செலவுகள் நீங்க ஏறத்தாழ 1,86,000 பவுண் எஞ்சியது. ஆணைக்குழு கலைக்கப்படாது நிலைபெற்று, அப்பணத்தைக் கொண்டு தென் கென்சிங்ரன் பகுதியில் நிலம் வாங்கியது. அங்கு அரும்பொருட்சாலைகளும் கல்வி நிலையங்களும் எழுந்தன.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1891 இல், இந்நிதியிலிருந்து அறிவியல் ஆய்வுப் புலமைப்பரிசில்கள் ஏற்படுத்தப்பட்டன. ஜேர்மனியின் இரசாயனக் கைத்தொழில் அந்நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களின் துணையுடன் வேகமாக வளர்ந்து வந்த காலம் அது. பிரித்தானியா பின்தங்கிவிடுமோ என்ற அச்சம் அந்நாட்டு அறிஞரிடையே நிலவியது. லயன் பிளேபெயர் போன்றோர் பல ஆண்டுகளாக இதனை எடுத்துரைத்து வந்தனர். எனவே இப்பரிசில் தூய அறிவின்பால் கொண்ட பற்றினால் மட்டும் பிறந்ததன்று. நாட்டின் கைத்தொழில்களுக்குப் பயன்படக்கூடிய துறையில் ஆய்வு செய்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்றாக இருந்தது. ஆண்டுக்கு 150 பவுண் வீதம் இரண்டாண்டுகளுக்கு வழங்கப்பட்டது. சிறப்பான முன்னேற்றம் காட்டியோர்க்கு மூன்றாம் ஆண்டும் நீடிக்கப்பட்டது.

யாரை அனுப்புவது என்பதை ஆணைக்குழு நேரே தெரிவு செய்யவில்லை. பிரித்தானியாவிலும் கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய குடியேற்ற நாடுகளிலும் இருந்த பல்கலைக்கழகங்களே தத்தம் மாணவரைப் பரிந்துரைத்தன. நியூசிலாந்துப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த வாய்ப்பு ஈராண்டுக்கு ஒன்று. ஒரு நாட்டின் அறிவியல் மாணவர் அனைவருக்கும் ஈராண்டுக்கு ஓர் இடமே இருந்தது என்பதை மனங்கொண்டே பின்வரும் நிகழ்ச்சியை நோக்குதல் வேண்டும்.

இரு விண்ணப்பதாரிகள்

றதர்போட் 1871 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 30 ஆந் திகதி நெல்சன் நகருக்கு அண்மையிலுள்ள கிராமப் பகுதியிற் பிறந்தவர். தந்தையார் வண்டிச் சில்லுகள் செய்யும் தொழிலும் பின்னர் நார் ஆலைத் தொழிலும் புரிந்தவர். தாயார் ஆசிரியையாகப் பணியாற்றியவர். பன்னிரண்டு பிள்ளைகளுள் நான்காமவரான றதர்போட்டுக்குப் புலமைப்பரிசில் இன்றி மேற்கல்வி இயலாததாக இருந்தது. நெல்சன் கல்லூரியிற் சேர்வதற்கான பரிசில் அவருக்கு இரண்டாம் முயற்சியிலேயே கிடைத்தது. பல்கலைக்கழகத்துக்கான பரிசிலும் 1889 இல் இரண்டாம் முயற்சியிலேயே கிடைத்தது. அப்போது நாடு முழுவதற்கும் இருந்தவை பத்துப் பரிசில்களே.

கிறைஸ்ட்சேர்ச் நகரிலுள்ள கன்ரபரிக் கல்லூரியில் 1890 இற் சேர்ந்த அவர், 1893 இல் கணிதத்திலும் பௌதிகத்திலும் முதல் வகுப்புச் சிறப்புடன் முதுமாணிப் பட்டம் பெற்றார். இத்தகைய தகுதி இருந்தும் நிரந்தரமான பாடசாலை ஆசிரியப் பதவிக்கு அவர் செய்த முயற்சிகள் மும்முறை தோல்வியுற்றன. மருத்துவம் பயிலலாமோ என்றும் அவர் எண்ணியதாக அறியப்படுகின்றது. பொருட்காட்சிப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிப்பவர் பல்கலைக்கழகத்தில் பதிவுபெற்ற மாணவராக இருத்தல் வேண்டும் என்ற விதியினால், 1894 இல் மீண்டும் கல்லூரியிற் சேர்ந்து புவிச்சரிதவியலும் இரசாயனமும் பயின்றார். முதுமாணிப் பட்டம் பெற்ற ஒருவர் மேலும் ஒரு பட்டத்துக்காக வகுப்பறையில் அமர்ந்தது, விண்ணப்பிக்கும் தகுதியைத் தக்கவைத்துக் கொள்வதற்காகவே.

அவ்வாண்டில் விண்ணப்பித்தோர் இருவர். மற்றவர் ஓக்லாந்துப் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்கொட் மக்லோறின். இவர் றதர்போட்டிலும் ஏழு வயது மூத்தவர், இரசாயனவியலாளர். பொற்றாசியம் சயனைட்டுக் கரைசலில் தங்கம் கரையும் முறையை ஆராய்ந்து, அக்கரைதலுக்கு ஒட்சிசன் இன்றியமையாதது என்பதைச் சோதனைகளால் நிறுவியவர். தங்கத் தாதுவிலிருந்து சயனைட்டின் உதவியால் தங்கம் பிரித்தெடுக்கும் முறை அப்போது புதிதாகப் பரவி வந்தது. ஓக்லாந்துப் பகுதிச் சுரங்கங்களில் 1889 ஆம் ஆண்டளவிலேயே அது பரீட்சிக்கப்பட்டிருந்தது. எனவே மக்லோறினின் ஆய்வு அறிவியற் சிறப்பும் கைத்தொழிற் பயனும் ஒருங்கே உடையதாக விளங்கிற்று.

றதர்போட்டின் ஆய்வோ உயர்ந்த அதிர்வெண்ணுடைய மின்னிறக்கங்களால் இரும்பு காந்தமாகும் முறை பற்றியது. கல்லூரியில் மாணவரின் மேலங்கிகள் வைக்கப்படும் நிலக்கீழ் அறையே அவரது ஆய்வுகூடம். ஒரு செக்கனின் நூறாயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்தில் மின்சுற்றுகளை இயக்கவல்ல கருவியொன்றை அவர் தாமே ஆக்கியிருந்தார். இங்கிலாந்திலிருந்த பரீட்சகர் இரு ஆய்வுகளையும் ஒப்புநோக்கி மக்லோறினையே விதந்துரைத்தனர்.

இத்தீர்ப்பைப் பிற்காலத்தவர் சிலர் பரீட்சகரின் குறுகிய பார்வை எனக் கருதுவர். அது பொருந்தாது. அன்று அவர்கள் முன்னிருந்தவை இரு ஆய்வுக் கட்டுரைகளும் பரிசிலின் நிபந்தனைகளுமே. கைத்தொழிற் பயன் வேண்டும் என விதித்த பரிசிலுக்குத் தங்கம் பற்றிய ஆய்வு மிகப் பொருந்தியது. அணுவின் கரு என்பது அன்று எவரது எண்ணத்திலும் இருக்கவில்லை. றதர்போட்டின் எண்ணத்திலுங்கூட இல்லை. பிற்கால விளைவுகளை அறிந்துகொண்டு முற்காலத் தீர்ப்புகளை எடைபோடுவது வரலாற்று நெறியாகாது.

காத்திருந்த காலமும் கிடைத்த செய்தியும்

இரண்டாம் இடத்தில் நின்ற றதர்போட்டின் நிலை அக்காலத்தில் எவ்வாறிருந்தது? அவருக்கு வயது இருபத்துமூன்று. தங்கியிருந்த வீட்டு உரிமையாளரின் மகளான மேரி நியூற்றனை மணம் செய்ய உடன்பட்டிருந்தார். மணம் முடிக்கப் போதிய வருவாய் இல்லை. தற்காலிக ஆசிரியராகப் பாடசாலையிற் கற்பித்தும் தனிப்பட்ட முறையில் மாணவருக்குப் பாடஞ் சொல்லியும் சிறுதொகை ஈட்டினார். ஆயினும் ஆய்வை அவர் கைவிடவில்லை. 1895 இல் காந்தவியல் தொடர்பான இரண்டாவது கட்டுரையையும் நியூசிலாந்து நிறுவகத்துக்குச் சமர்ப்பித்தார். பரிசில் கிடைக்கும் என்ற உறுதி இல்லாத நிலையில் செய்யப்பட்ட ஆய்வு இது என்பது நோக்கத்தக்கது.

பின்னர் மக்லோறின் பரிசிலை ஏற்க இயலாதவரானார். முப்பது வயதைக் கடந்துவிட்ட அவருக்குப் பரிசிலின் நிபந்தனைகளும் சொந்த வாழ்க்கைச் சூழ்நிலையும் ஒத்துவரவில்லை. நாட்டிலேயே தங்கித் தொழில் புரியத் தீர்மானித்தார். இடம் வெறுமையாயிற்று, அடுத்தவருக்கு அது வழங்கப்பட்டது. செய்தி வந்தபோது றதர்போட் பெற்றோரின் தோட்டத்தில் உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தார் என்றும், மண்வெட்டியை எறிந்துவிட்டு அதுவே தாம் கிண்டும் இறுதிக் கிழங்கு என்று கூறினார் என்றும் ஒரு கதை வழங்கி வருகின்றது. கதையின் உண்மை எவ்வாறாயினும் அது ஏன் இவ்வளவு விரும்பிக் கூறப்படுகின்றது என்பது விளங்கத்தக்கதே. நீண்ட காத்திருப்பு ஒரு கணத்தில் முடிவுறும் காட்சி கேட்போர் மனத்தைக் கவர்கின்றது. ஆனால் கடல்கடந்து செல்வதற்குரிய பயணச் செலவுக்கு அவர் கடன்பட வேண்டியிருந்தது என்னும் செய்தி அவ்வளவு விரும்பிக் கூறப்படுவதில்லை.

1895 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் றதர்போட் கேம்பிறிட்ஜ் கவென்டிஷ் ஆய்வுகூடத்தை அடைந்தார். பிற பல்கலைக்கழகப் பட்டதாரிகளை ஆய்வு மாணவராக ஏற்கும் புதிய விதியைக் கேம்பிறிட்ஜ் அவ்வாண்டிலேயே நடைமுறைப்படுத்தியிருந்தது. அவ்விதியின் கீழ் முதன்முதலாகச் சேர்ந்தோருள் அவரும் ஒருவர். காத்திருந்த காலத்தில் தாயகத்தில் வளர்த்தெடுத்த காந்த உணர்கருவியையே அவர் தம்முடன் கொண்டு சென்றார்; அதன் துணையால் ஏறத்தாழ அரை மைல் தூரத்திலிருந்து வந்த மின்காந்த அலைகளை உணர்ந்து காட்டினார். அவ்வாண்டு நவம்பரில் எக்ஸ் கதிர்களும் 1896 இல் கதிர்த்தொழிற்பாடும் கண்டறியப்பட்டன. பேராசிரியர் ஜே. ஜே. தொம்சனுடன் இப்புதிய துறையிற் புகுந்த றதர்போட் 1898 இல் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1908 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்றார். 1911 இல் அணுவின் கரு பற்றிய கொள்கையை வெளியிட்டார்.

முதலாம் இடத்தவர்

இவ்வரலாற்றில் மக்லோறின் பெரும்பாலும் வழிவிட்டு ஒதுங்கியவராக மட்டுமே இடம்பெறுகின்றார். அவரை இழப்புக்குரியவராகக் காட்டுவோரும் உளர். ஆனால் அவர் 1901 இல் நியூசிலாந்தின் அரசாங்கப் பகுப்பாய்வாளராகி நீண்டகாலம் அந்நாட்டுக்குப் பணிபுரிந்தார். அவருடைய சகோதரர் றிச்சாட் மக்லோறின் பிற்காலத்தில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் தலைவராக விளங்கியவர். அறிவுத் தகுதியிற் குறைவில்லாத ஒருவர் தமது சூழ்நிலையை எண்ணிப்பார்த்து எடுத்த முடிவே அது. ஆண்டுக்கு 150 பவுண் தனிமனிதன் ஒருவனின் எளிய வாழ்க்கைக்குப் போதுமானதாக இருந்தது. குடும்பப் பொறுப்புடைய ஒருவருக்கு அதே தொகை வேறு பொருளுடையது. ஒரே பரிசில் ஒருவருக்கு வாயிலாகவும் மற்றவருக்கு ஏற்கவியலாத சுமையாகவும் அமைந்தமை, புலமைப்பரிசில்கள் தகுதியை மட்டுமன்றி வயதையும் குடும்ப நிலையையும் மறைமுகமாகத் தெரிவு செய்கின்றன என்பதைக் காட்டுகின்றது.

எண்ணிக்கை, தொகை, விதி

ஆய்வு மாணவனைக் காத்திருக்க வைப்பவை மூன்று எனலாம். முதலாவது எண்ணிக்கை, இதற்கு றதர்போட்டின் வரலாறே சான்று. இரண்டாவது தொகை. இதற்குப் போல் டிராக்கின் இளமைக்காலம் தக்க எடுத்துக்காட்டாகும். பிறிஸ்ரல் பல்கலைக்கழகத்தில் 1921 இல் மின்பொறியியற் பட்டம் பெற்ற டிராக், கேம்பிறிட்ஜ் புனித ஜோன் கல்லூரியில் ஆண்டுக்கு 70 பவுண் பெறுமதியான பரிசிலை வென்றார். அங்கு வாழ்வதற்கு அத்தொகை போதவில்லை. முதல் உலகப் போரின் பின் ஏற்பட்ட பொருளாதார மந்தத்தினால் தொழிலும் கிடைக்கவில்லை. ஆதலால் பிறிஸ்ரலிலேயே தங்கிக் கட்டணமின்றிக் கணிதம் பயின்றார். 1923 இல் அரசாங்க ஆராய்ச்சித் திணைக்களத்தின் உதவித்தொகை சேர்ந்த பின்னரே கேம்பிறிட்ஜ் செல்ல அவரால் இயன்றது. 1925 முதல் 1928 வரை அவரைத் தாங்கியதும் இதே 1851 ஆம் ஆண்டுப் பொருட்காட்சி நிதியே.

மூன்றாவது விதி. கணிதமேதை சீனிவாச இராமானுஜன் இதற்குச் சான்றாவார். கணிதம் தவிர்ந்த பாடங்களிற் சித்தியடையாமையால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்த அவர், 1912 இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுதுவினைஞரானார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை முதுமாணிப் பட்டதாரிகளுக்கே உரியது. எந்தப் பட்டமும் இல்லாத இராமானுஜன் காத்திருப்போர் பட்டியலில் இறுதியிடத்தைப் பெறுவதற்குங்கூடத் தகுதியற்றவராக விதியினால் விலக்கப்பட்டிருந்தார். 1913 இல் விதி தளர்த்தப்பட்டு, மாதம் 75 ரூபாய் வீதம் ஈராண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. ஐந்தாண்டுகளின் பின், 1918 இல், அவர் இலண்டன் றோயல் கழகத்தின் உறுப்பினரானார். விதியை இயற்றியோரைக் காட்டிலும் அதனைத் தக்க வேளையில் தளர்த்தத் துணிந்தோரே அறிவுலகின் நன்றிக்குரியவராயினர்.

இம்மூவரும் இறுதியில் வாய்ப்புப் பெற்றவர்கள்; அதனாலேயே அவர்களைப் பற்றி அறிய முடிகின்றது. வாய்ப்புக் கிட்டாதவரின் பெயர் வரலாற்றிற் பதிவாவதில்லை. ஆகவே திறமையுடையோர் எவ்வாறேனும் மேலெழுவர் என்று இவர்களைக் கொண்டு முடிவுகட்டுவது தவறாகும். மக்லோறின் பரிசிலை ஏற்றிருப்பின் றதர்போட் வேறு வழியில் உயர்ந்திருக்கவும் கூடும். நல்ல பாடசாலை ஆசிரியராக வாழ்ந்து மறைந்திருக்கவும் கூடும். அவரது திறமை இரு நிலையிலும் ஒன்றே.

இலங்கையும் ஒற்றைப் பரிசிலும்

1891 இல் இப்பரிசில்கள் தொடங்கப்பட்டபோது இலங்கையிற் பல்கலைக்கழகம் இருக்கவில்லை. பல்கலைக்கழகங்களின் வழியாகவே பரிந்துரை நடைபெற்றமையால், பல்கலைக்கழகமற்ற நாட்டு மாணவனுக்கு அங்கு நிற்பதற்கு வரிசையே இல்லை. இந்நாட்டவர்க்கு இருந்த சிறந்த வாய்ப்பு, ஆங்கிலப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்வதற்கு அரசாங்கம் வழங்கிய புலமைப்பரிசிலாகும். 1870 இல் அதனைப் பெற்றுக் கேம்பிறிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியிற் கற்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். மிகச் சிலருக்கே வாய்த்த பேற்றைத் தாம் பெற்றிருந்தும் அவர் அதனோடு அமையவில்லை. இந்நாட்டிலேயே பல்கலைக்கழகம் அமைதல் வேண்டும் என்ற இயக்கத்துக்கு 1906 முதல் அவர் முன்னின்று உழைத்தார். 1921 இல் பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. வரிசையில் முன்னிற்பவருக்கு வாழ்த்துக் கூறுவதோடு நில்லாது, வரிசை ஏன் இவ்வளவு நீண்டது என்று கேட்டவர்களின் முயற்சியால் விளைந்த பயன் அது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில உண்மைகள் புலனாகின்றன. காத்திருப்போர் பட்டியல் அளப்பது மாணவரின் மதிப்பை மட்டுமன்று. கிடைக்கக்கூடிய இடங்களின் குறைவையும் அது அளக்கின்றது. இடம் ஒன்றாக இருக்குமிடத்தில், சிறந்த இருவருள் ஒருவர் இரண்டாமவராகவே வேண்டும். இரண்டு இடங்கள் இருந்திருப்பின் 1894 இல் இரண்டாமவர் என்றொருவரே இருந்திருக்கமாட்டார். எனவே இரண்டாம் இடத்தைத் தகுதியின்மைக்குச் சான்றாகக் கொள்வது மாணவனுக்கும் தகாது. அவனை மதிப்பிடும் நிறுவனத்துக்கும் தகாது.

அடுத்து, காத்திருக்கும் காலம் வெறுங்காலமாக அமைய வேண்டிய கட்டாயமில்லை. நிலக்கீழ் அறையில் றதர்போட் ஆக்கிய கருவியும், பிறிஸ்ரலில் டிராக் பயின்ற கணிதமும், துறைமுகக் காரியாலயத்தில் வேலைபார்த்தவாறே இராமானுஜன் எழுதிய தேற்றங்களும் எந்தப் பரிசிலும் அவர்களுக்கு அளித்தவையல்ல. எனினும் இதனைக் காட்டிக் காத்திருப்பை நன்மையெனப் போற்றுவது கொடுமையாகும். வறுமையிலும் நிச்சயமின்மையிலும் கழிந்த ஆண்டுகள் திறமையை வளர்த்தன என்பதற்கில்லை. அவற்றையும் மீறித் திறமை பிழைத்தது என்பதே பொருந்தும்.

1933 இல் ஜேர்மனியிலிருந்து நாசி ஆட்சியினால் துரத்தப்பட்ட அறிஞர்களுக்குப் பிற நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடந்தேடிக் கொடுப்பதற்கென பிரித்தானியாவில் ஒரு கழகம் நிறுவப்பட்டபோது, அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் றதர்போட். ஓரிடம் வெறுமையானதால் உயர்ந்த ஒருவர், பிறருக்கு இடங்களை உண்டாக்கும் பணியில் ஈடுபட்டமை அவரது கண்டுபிடிப்புகளுக்கு அடுத்ததாக நினைக்கத்தக்கது. 1937 இல் அவர் மறைந்தபோது, வெஸ்ற்மினிஸ்ரர் பேராலயத்தில் நியூற்றனின் சமாதிக்கு அருகே அவரது சாம்பல் வைக்கப்பட்டது. பொருட்காட்சி ஆணைக்குழு இன்றும் ஆய்வாளருக்கு உதவித்தொகை வழங்கி வருகின்றது; விண்ணப்பிப்போர் தொகை இடங்களின் தொகையை இன்றும் விஞ்சியே நிற்கின்றது. ஆய்வாளரைத் தெரிவு செய்யும் பொறுப்பிலுள்ளோர் ஒருவரைத் தெரிந்தெடுத்ததும் தமது கடமை முடிந்ததாகக் கொள்ளாது, அடுத்து நிற்பவருக்கு இடமொன்றை உண்டாக்குவதையும் தம் கடமையாகக் கருதுதல் வேண்டும். 1895 ஆம் ஆண்டின் நிகழ்ச்சி நமக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.